முதல் வாட்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகன் வேலை மாற்றலாகி வெளியூர் போனபோது ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகளை அப்பா வீட்டில் வைத்துவிட்டுப் போனான். புத்தக அலமாரியில் அடங்குகிற அளவுப் பெட்டிகள். மார்கழிக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, இதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கணும். ஒரு கடையில நூறு வாட்டுங்கிறாங்க, அடுத்த கடையில ஐந்நூறு. இன்னொருத்தர் மூவாயிரம் வாட்டுன்னு அட்டைப்பெட்டியில போட்டிருக்கிறதைக் காட்டறார். மூணுக்கும் விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். எனக்கு எத்தனை வாட் வேணும்?"

"பெரும்பாலான நேரம் ஒரு வாட்கூட வேண்டாம் சார்" என்றேன்.

அவர் நம்பவில்லை. தாளும் பேனாவும் எடுத்துவந்தார். நாங்கள் இருவரும் அன்று போட்ட கணக்கை உங்களிடமும் சொல்கிறேன். ஆம்ப்ளிஃபயர் வாங்க நினைப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள கணக்கு வேறில்லை.

ஸ்பீக்கர் பெட்டியின் பின்னால் 86 டெசிபெல் என்று அச்சிட்டிருந்தது. ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் அவ்வளவு சத்தம் வரும் என்று அர்த்தம். ஆசிரியரின் நாற்காலி எட்டடி தள்ளி இருக்கிறது. தூரம் போகப் போகச் சத்தம் குறையும். ஆனால் பெட்டிகள் இரண்டு, சுவர்களும் ஒலியைத் திருப்பி அனுப்பும். எல்லாம் போக நாற்காலியில் ஏறத்தாழ 80 டெசிபெல் கிடைக்கும். எதிரில் உட்கார்ந்து ஒருவர் பேசுவது 60 டெசிபெல் அளவுக்குத்தான் இருக்கும். 80 என்றால் அடுத்த அறையிலிருந்து "கொஞ்சம் குறைங்களேன்" என்று குரல் வந்துவிடும். ஆசிரியர் கேட்கிற அளவு அதைவிட ஆறு டெசிபெல் குறைவு என்று வையுங்கள். ஆறு குறைந்தால் வாட் நான்கில் ஒரு பங்கு. ஆக, அவர் கச்சேரி கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் தருவது கால் வாட்.

"அப்ப மீதி எதுக்கு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. மீதி தவிலுக்காக. நாதஸ்வரம் ஒரே சீராக இழைந்துகொண்டிருக்கும்போது, தவிலின் தொப்பியில் கழி ஓங்கி விழுகிறது பாருங்கள், அந்த ஒரு கணத்தில் ஒலி சராசரியைவிட இருபது டெசிபெல் எகிறலாம். இருபது டெசிபெல் என்றால் நூறு மடங்கு வாட். கால் வாட்டுக்கு நூறு மடங்கு 25 வாட். அந்தக் கண்ணிமைப்பொழுதுக்கு ஆம்ப்ளிஃபயர் கையில் இருப்பு வைத்திருக்க வேண்டும். இருப்பு இல்லையென்றால் ஒலியலையின் உச்சி சீவப்பட்டுவிடும். அதைத்தான் க்ளிப்பிங் என்கிறார்கள். காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கும். சத்தத்தை முழுக்க ஏற்றிவைத்து நெடுநேரம் அப்படியே ஓட்டினால், ஸ்பீக்கரில் மேல்ஸ்தாயிக்கு இருக்கிற ட்வீட்டரின் சுருள் கருகிப்போகவும் வாய்ப்புண்டு.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் உட்கார்ந்து கேட்கிற ஒருவருக்கு, ஒரு பக்கத்துக்கு 25 முதல் 50 வாட் வரை உண்மையான வாட் இருந்தால் போதும். ஐம்பதிலிருந்து நூறுக்குப் போவதால் கூடுவது மூன்றே டெசிபெல். காது அதைக் 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்றுதான் உணரும். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும்.

'உண்மையான வாட்' என்று சொன்னேன். அந்தச் சொல்லில்தான் நம் ஜனங்கள் பணத்தை இழக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். வேலைக்குப் போன புதிதில் முதன்முதலாகச் சேர்த்துவைத்த பணத்தில் ஒரு செட் வாங்கினேன். அட்டைப்பெட்டியில் ஆயிரம் வாட், பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்ற நான்கு எழுத்து. பல வருஷம் கழித்து, ஒட்டடை அடிக்க அதை நகர்த்தியபோதுதான் பின்பக்கத் தகட்டைப் படித்தேன். மின்சாரச் செலவு 40 வாட். நாற்பது வாட்டை வாங்கிக்கொள்கிற பெட்டி ஆயிரம் வாட்டை எங்கிருந்து கொடுக்கும்? பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. அந்த எண்ணை அப்படியே கடந்து போய்விடுங்கள்.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே கூத்து நடந்தது. 1974இல் அங்கே ஃபெடரல் ட்ரேட் கமிஷன் ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு வாட் எண்ணை விளம்பரம் செய்தால், தொடர்ந்து தரக்கூடிய வாட் எவ்வளவு, எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு, எந்த அலைவரிசை எல்லைக்குள், எவ்வளவு சிதைவோடு என்றெல்லாம் சொல்லியாக வேண்டும். நீங்களும் கடையில் இந்த விவரங்களைக் கேளுங்கள். '8 ஓமில் 45 வாட், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, சிதைவு 0.07 சதவீதம்' என்று முழுசாகச் சொல்கிற நிறுவனத்தை நம்பலாம். சிதைவு 10 சதவீதம் என்று போட்டிருந்தால், சுத்தமாகத் தரக்கூடிய அளவு அந்த எண்ணைவிடக் கணிசமாகக் குறைவு என்று புரிந்துகொள்ளுங்கள்.

இப்போது உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பெட்டிகள் வந்திருக்கின்றன. கிளாஸ் டி வகை. பழைய ஏபி வகை ஆம்ப்ளிஃபயர் வாங்குகிற மின்சாரத்தில் பெரும்பங்கை வெப்பமாக இழக்கும். அதனால்தான் அதற்குக் கனமான ட்ரான்ஸ்ஃபார்மர், சீப்புப் பல் மாதிரி அலுமினியத் துடுப்புகள். கிளாஸ் டி வகையில் ட்ரான்சிஸ்டர்கள் வினாடிக்குப் பல லட்சம் தடவை திறந்து மூடுகிற சுவிட்சுகளாக வேலை செய்கின்றன. வாங்கியதில் பத்தில் ஒன்பது பங்குவரை ஸ்பீக்கருக்கே போய்விடும், சூடும் குறைவு. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிற இந்தச் சின்னப் பெட்டிகளில் நல்லவை உண்மையிலேயே நல்லவை. குறைந்த செலவில் பாட்டுக் கேட்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல காலம் வந்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இங்கேயும் வாட்டைச் சோதித்துத்தான் வாங்க வேண்டும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கூடவருகிற அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் போதும். 24 வோல்ட், 4.5 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். 108 வாட். மொத்த வரவே அவ்வளவுதான். அந்தப் பெட்டியில் '300 வாட்' என்று எழுதியிருந்தால் எழுதியவருக்குப் பெருக்கல் தெரியவில்லை என்று பொருள். அதோடு, 24 வோல்ட்டை வைத்துக்கொண்டு 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு பக்கத்துக்கு முப்பது, முப்பத்தைந்து வாட்டைத் தாண்ட வழியே இல்லை. அந்த முப்பது நமக்குப் போதும் என்பதை முன்பே பார்த்துவிட்டோம்.

நம் ஊரில் அசெம்பிள் செட் என்றொரு பழைய வழியும் உண்டு. சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி, 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து, தகரப் பெட்டியில் பூட்டித் தருகிற மெக்கானிக்குகள் இல்லாத ஊர் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் இல்லை. அவர்கள் அதிகம் பயன்படுத்திய சில்லுகளில் ஒன்று சான்யோவின் எல்.ஏ. 4440. அது பக்கத்துக்கு 6 வாட் தரும். ஆறே வாட்தான், ஆனால் எத்தனை டீக்கடைகளில், எத்தனை வீடுகளில் அது இளையராஜாவைப் பாட வைத்தது! கைத்தொழில் தெரிந்த மெக்கானிக் நல்ல ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு, எர்த்தைச் சரியாக இழுத்து, 'உம்ம்' என்ற இரைச்சல் இல்லாமல் செய்து தந்தால் அது மரியாதைக்குரிய பெட்டி. இரைச்சலோடு தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்பீக்கரை ஒட்டிக் காதை வைத்து, பாட்டில்லாமல் ஒரு நிமிஷம் கேட்டாலே தெரிந்துவிடும்.

இளையராஜா பேரைச் சொன்னதும் 1978 நினைவுக்கு வருகிறது. ஸ்டீரியோவில் பதிவான பாடல்களோடு 'ப்ரியா' வெளிவந்த வருஷம். அதே 1978இல்தான் என்.ஏ.டி. நிறுவனம் 3020 என்ற ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தது. எரிக் எட்வர்ட்சன் என்ற பொறியாளரின் வடிவமைப்பு. பக்கத்துக்கு வெறும் 20 வாட். முகப்பும் ரொம்பச் சாதாரணம். ஆனால் பாட்டு எகிறுகிற கணத்தில், எழுதியிருக்கிற இருபதைவிட அதிகமாகக் கொடுக்க அதனிடம் இருப்பு இருந்தது. கடினமான ஸ்பீக்கர்களையும் அது தாங்கியது. சாதாரணச் சம்பளக்காரர்களுக்கு எட்டுகிற விலை. உலகம் முழுக்க விற்றது. இன்றும் அதைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இருபது வாட் போதுமா என்று கேட்பவர்களுக்கு நான் அந்தப் பெட்டியைத்தான் சொல்வேன்.

பழைய ஆம்ப்ளிஃபயரை இரண்டாம் கையாக வாங்குவது தப்பில்லை. வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் சுத்தம் செய்தால் சரியாகிவிடலாம். உள்ளே கெபாசிட்டர்கள் உலர்ந்து உப்பியிருந்தால் மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த செட் என்றால் பின்பக்கத் தகட்டில் 100 அல்லது 110, 120 வோல்ட் இருக்கும். நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றே அதன் ஆயுள் முடிந்தது. ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும்.

இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் 'ஃபோனோ' என்று எழுதிய துளை இருக்கிறதா என்று பாருங்கள். இசைத்தட்டு ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், சி.டி. பிளேயர் தருவதோ இரண்டு வோல்ட் அளவுக்கு. அதோடு, தட்டில் வெட்டும்போதே பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். ஃபோனோ பகுதிதான் அதை மறுபடி நேராக்குகிறது. அது இல்லாத செட்டில் இசைத்தட்டைச் சேர்த்தால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ சன்னமாகக் கத்துகிற மாதிரி இருக்கும்.

லவுட்னெஸ் என்ற பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் அதை இன்னொரு பாஸ் பொத்தான் என்று நினைக்கிறார்கள். 1933இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் மனிதக் காதை அளந்தார்கள். சத்தம் குறையும்போது மற்ற ஒலிகளைவிடக் கீழ்ஸ்தாயி ஒலிகள் காதுக்கு வேகமாக மங்குகின்றன என்று அவர்களுடைய அளவுகள் காட்டின. ராத்திரி பத்து மணிக்கு, பேரன் தூங்குகிறான் என்று சத்தத்தைக் குறைத்தால் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகிறதல்லவா, அதற்குக் காரணம் இதுதான். அந்த இழப்பைச் சரிக்கட்டத்தான் லவுட்னெஸ். குறைந்த சத்தத்தில் போடுங்கள், சத்தத்தைக் கூட்டியதும் அணைத்துவிடுங்கள். யமஹாவின் சில ஆம்ப்ளிஃபயர்களில் இதையே படிப்படியாகத் திருப்புகிற குமிழாகத் தந்திருக்கிறார்கள். மெதுவாகக் கேட்கிற பழக்கமுள்ளவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

கடையில் இரண்டு செட்டை ஒப்பிடும்போது சத்தத்தை ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள். இம்மி கூடுதலாக ஒலிக்கிற செட்தான் நல்லது என்று காது சொல்லிவிடும். சத்தத்தைச் சமமாக்கினால், ஒழுங்காகச் செய்த ஆம்ப்ளிஃபயர்களுக்குள் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம். அதனால் கையில் இருக்கிற பணத்தில் பெரும்பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள் என்பேன். கொஞ்சம் அறைக்கும் ஒதுக்குங்கள். நம் வீடுகளில் கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட், நாலு பக்கமும் பூசின சுவர். கையைத் தட்டினால் 'டங்' என்று திரும்புகிற அறையில் எந்த ஆம்ப்ளிஃபயரும் தோற்றுப்போகும். ஜமுக்காளம், தடித்த திரைச்சீலை, புத்தகம் நிறைந்த அலமாரி ஆகியவை செய்கிற வேலையை ஐம்பதாயிரம் ரூபாய்ப் பெட்டி செய்யாது.

ஆசிரியர் ஒரு சின்ன கிளாஸ் டி பெட்டி வாங்கினார். மிச்சப்பட்ட பணத்தில் ஜன்னலுக்குத் திரைச்சீலையும் தரைக்குப் பவானி ஜமுக்காளமும் வந்தன. முதல் நாள் பழைய கச்சேரி ஒன்றைப் போட்டோம். ஸ்டீரியோ வருவதற்கு முந்தைய மோனோ பதிவு. இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி வருவதால், பாடகரின் குரல் இரண்டுக்கும் நடுவில் உருண்டையாக நிற்க வேண்டும். எங்களுக்கு அது நிற்கவில்லை. அறை முழுக்கக் கலைந்து திரிந்தது, பாஸும் இல்லை. போய்ப் பார்த்தால் ஒரு பெட்டியில் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் இடம் மாறியிருந்தன. மாற்றி முறுக்கினேன். உடனே வித்வான் எங்கிருந்தோ நடந்துவந்து நடுவில் உட்கார்ந்துவிட்டார். ஸ்ருதியும் தம்புராவும் அவருக்குப் பின்னால்.

ஆசிரியர் எழுந்து போய், சுவரை ஒட்டியிருந்த பெட்டிகளைத் தலா ஒரு சாண் முன்னால் நகர்த்தினார். மறுபடி வந்து உட்கார்ந்தார். வால்யூம் குமிழ் ஒன்பது மணி நிலையைக்கூட எட்டவில்லை. ராகம் முடிந்து தாளம் தொடங்கும்வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை.