கண்ணுக்குக் கீழே வீக்கமா? கவனியுங்க சகோதரிகளே!

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். ஊக்குநர்கள் தங்கள் குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ ஒரு அஞ்சு நிமிஷம் எல்லாரும் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்க முகத்தைப் பாருங்க. சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். கண்ணுக்குக் கீழே, கன்னத்து மேட்டுல வீக்கம் இருக்கான்னு பாருங்க. இன்னைக்கு நாம பேசப் போறது அதைப் பற்றித்தான்.

இதை ஏன் பேச எடுத்துக்கிட்டேன் என்றால், இதில் என் தவறு ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி

நான் பார்க்கிற ஒரு குழுவில் ஒரு அக்கா இருக்காங்க. ஊர், பேர் வேண்டாம். காலையில கூட்டத்துக்கு வரும்போது கண் இரண்டும் உப்பிப் போய், கன்னம் பளபளன்னு இருக்கும். "என்னக்கா, ராத்திரி தூக்கம் இல்லையா?"ன்னு நானும் கேலியாக் கேட்டேன். மற்ற உறுப்பினர்கள், "வீட்டுல சண்டை போல, அழுதிருக்கா"ன்னு முதுகுக்குப் பின்னால பேசினாங்க. இப்படியே மூணு மாசம் போச்சு.

ஒரு மாதம் அந்த அக்கா உள்கடன் 1,500 ரூபாய் கேட்டாங்க. நோட்டில் 'மருத்துவச் செலவு' என்று எழுதி நானும் கையெழுத்து வாங்கினேன். என்ன நோய், எந்த மருத்துவர் என்று கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, முகம் சரியாகணும்னு யாரோ சொன்ன கிரீம் வாங்கியிருக்காங்க. கூடவே வயல் வேலை முடிஞ்சு வந்தால் உடம்பு வலிக்கு, மருந்துச் சீட்டு இல்லாம கடையில வாங்கின வலி மாத்திரை, தினமும் ரெண்டு. இது ரெண்டு வருஷமா நடந்திருக்கு.

ஒரு நாள் கிராம சுகாதாரச் செவிலியர் கூட்டத்துக்கு வந்தப்ப எல்லாருக்கும் பிரஷர் பார்த்தாங்க. அந்த அக்காவுக்கு 170/110. சிறுநீரைச் சோதித்தால் புரதம் நிறையப் போகிறது. அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கு, ஆனா டயாலிசிஸ் அளவுக்குப் போகல என்றார்கள். வலி மாத்திரையை நிறுத்தி, பிரஷருக்கு மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். இப்போ நல்லா இருக்காங்க. கூட்டத்துக்கும் வர்றாங்க.

அவங்க என்கிட்டச் சொன்னது இதுதான்: "நோட்டுல வட்டிக் கணக்கு பார்த்தீங்க. என் முகத்தை யாரும் பார்க்கலையே." அதனாலதான் இன்னைக்கு இந்தப் பேச்சு.

அந்த இடத்தில் மட்டும் ஏன் வீங்குது?

கண்ணைச் சுற்றியுள்ள தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. அதன் அடியில் உள்ள திசு இறுக்கமில்லாமல் தொளதொளன்னு இருக்கும். உடம்பில் நீர் அதிகமானால் அது முதலில் தங்குகிற இடம் அதுதான். ராத்திரி படுத்திருக்கும்போது நீர் முகத்தில் கோத்துக்கொள்ளும். எழுந்து நடமாடினால் கீழே இறங்கும். அதனால் காலையில் முகம், சாயங்காலம் கால் என்று வீக்கம் இடம் மாறும். "மத்தியானம் சரியாப் போச்சு, ஒண்ணும் இல்லை"ன்னு நாம ஏமாந்து போறது இதனாலதான்.

பயப்பட வேண்டாத வீக்கம்

பெரும்பாலான வீக்கம் சாதாரணமானதுதான். தூக்கக் குறைவு, அழுகை, முதல் நாள் ராத்திரி கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் ஊறுகாயும் சேர்த்துச் சாப்பிட்டது, மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள் – இதில் எது இருந்தாலும் காலையில் கண் உப்பும். ஓரிரு நாளில் தானே சரியாகிவிடும்.

வயது நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குக் கீழே பை மாதிரி தொங்குவதும் சகஜம். கண் குழியில் இருக்கும் கொழுப்பு, தோல் தளர்ந்ததும் முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. வெயிலில் நெடுங்காலம் வேலை செய்தவர்களுக்குக் கன்னத்து மேட்டில் தோல் மடிப்பாக உப்பி நிற்பதும் உண்டு. சில குடும்பங்களில் அப்பத்தா, அம்மா, மகள் என்று வழிவழியாக வரும். இந்த வீக்கம் காலை, மாலை என்று மாறாமல் வருஷக்கணக்கில் ஒரே மாதிரி இருக்கும். இது நோய் அல்ல. எந்தக் கிரீமும் இதைக் கரைக்காது. நகரங்களில் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். அதுக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

அரிப்போடு வரும் வீக்கம்

கண் அரித்து, தண்ணீர் வடிந்து, தும்மலோடு வீங்கினால் அது ஒவ்வாமை. நெல் தூசி, விறகுப் புகை, புதுப் பவுடர், கண் மை எதுவும் காரணமாகலாம். தலைக்குப் பூசும் டை பலருக்கு ஒத்துக்கொள்ளாது. பூசினது தலையில, வீங்குறது கண் இமை! ஒரு தடவை வீங்கினால் அந்த டையை மறுபடி தொடாதீர்கள். அடுத்த தடவை இன்னும் கடுமையாக வரும்.

ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி வறுத்து உடைக்கும் நம் சகோதரிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். முந்திரிக்கொட்டை ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலைப் பொசுக்கும். அந்தக் கையோடு கண்ணைத் துடைத்தால் முகம் வீங்கிவிடும். கையில் எண்ணெயோ சாம்பலோ தடவிக்கொண்டு வேலை செய்யுங்கள், கையுறை இருந்தால் இன்னும் நல்லது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள்.

உதடு, நாக்கும் சேர்ந்து வீங்கி மூச்சு முட்டினால் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கட்டாயம் மருத்துவரிடம் போக வேண்டிய வீக்கம்

1. சிறுநீரகம்: தினமும் காலையில் முகம் வீங்குகிறது, சாயங்காலம் கணுக்காலை விரலால் அமுக்கினால் குழி விழுகிறது, ஒண்ணுக்குப் போனா சோப்பு நுரை மாதிரி பொங்கி, கலையாம நிக்குது – இந்த மூன்றும் சேர்ந்தால் தாமதிக்காதீர்கள். 'சிறுநீரில் உப்பு போகுது' என்று ஊரில் சொல்வார்கள். அது சமையல் உப்பு அல்ல. ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம், சிறுநீரக வடிகட்டி பழுதாகி வெளியே போகிறது.

2. தைராய்டு: முகம் ஊதி, குரல் கரகரத்து, எப்போதும் அசதி, மலச்சிக்கல், முடி உதிர்வு, மாதவிலக்கில் அதிகப் போக்கு. "சோம்பேறி ஆயிட்டா"ன்னு வீட்டுல திட்டு வாங்குற பல பெண்களுக்கு உண்மையில் தைராய்டு சுரப்பு குறைவு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது.

3. கர்ப்பிணிகள்: "பிள்ளைத்தாய்ச்சிக்கு நீர் இறங்குறது சகஜம்"னு பெரியவங்க சொல்வாங்க. காலில் லேசான வீக்கம் சரி. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு காலையிலேயே முகமும் கையும் வீங்கினால் அன்றே பிரஷர் பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து. தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஜன்னி வந்து தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்தாகும். பிரசவம் முடிந்தும் ஆறு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு.

4. குழந்தைகள்: ரெண்டு வயசு முதல் ஆறு வயசு வரை உள்ள பிள்ளைகள் காலையில் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கி எழுந்தால், சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். சிரங்கோ தொண்டைப்புண்ணோ வந்து இரண்டு மூன்று வாரத்தில் முகம் வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலும் அப்படியே. சீக்கிரம் காட்டினால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

5. ஒரு பக்கம் மட்டும் வீக்கம்: சிவந்து, சூடாகி, வலியும் காய்ச்சலும் இருந்தால் அது கிருமித் தொற்று. மேல் பல் சொத்தையிலிருந்தும் கண்ணுக்குக் கீழ் வரை வீக்கம் ஏறும். கண்ணுக்குள் பரவும் முன் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மருந்தே நோயாகும் கதை

வலி மாத்திரை பற்றி அந்த அக்கா கதையில் சொன்னேன். தினமும் தின்றால் அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதே போல 'உடம்பு ஏற' என்று கடையில் கொடுக்கும் சின்ன மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். முகம் உருண்டையாகும். சதை போட்டிருக்கு என்று சந்தோஷப்படாதீர்கள், அது மருந்தின் பக்க விளைவு. பல மாதம் தின்றவர்கள் திடீரென நிறுத்தவும் கூடாது. மாத்திரை அட்டையோடு மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்தது சிவப்பழகு கிரீம். கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கலில் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டிச் சவ்வு கெட்டு, புரதம் போகும் நோயோடு 22 பேர் வந்தார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்! கிரீமில் இருந்த பாதரசம் தோல் வழியாக உள்ளே போயிருக்கிறது. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது.

யோசிச்சுப் பாருங்க. முகம் நல்லா இருக்கணும்னு பூசின கிரீம், சிறுநீரகத்தைக் கெடுத்து, அதே முகத்தை வீங்க வைக்குது. வீக்கத்தை மறைக்க இன்னும் கொஞ்சம் பூசுவோம்!

அழகுப் பொருளில் பாதரசம் சேர்ப்பதை 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகள் தடை செய்கின்றன. அப்படியும் ஊர் பேர் இல்லாத டப்பாக்கள் விற்பனைக்கு வருகின்றன. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது நம்ம மாவட்டத்துப் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். கற்ற எழுத்தை இங்கே பயன்படுத்துவோம். டப்பாவில் தயாரித்த கம்பெனி முகவரி, உரிம எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி இல்லையா? வாங்காதீர்கள். ஒரு வாரத்தில் முகம் வெளுக்குதா? அப்பவே சந்தேகப்படுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

• ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்பு போதும். 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் இவற்றில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.
• தலைக்கு இன்னொரு தலையணை வைத்துப் படுங்கள்.
• காலையில் குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் கண் மேல் வையுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள்.
• கண்ணுக்குள் தாய்ப்பால், எலுமிச்சைச் சாறு, பச்சிலைச் சாறு எதுவும் விடாதீர்கள்.
• இரண்டு வாரம் ஆகியும் குறையாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பிரஷர், சுகர், சிறுநீரில் புரதம், ரத்த அளவு இவற்றைப் பாருங்கள். தேவையானால் கிரியாட்டினின், தைராய்டு பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"தண்ணி குடிக்கிறதைக் குறைச்சா வீக்கம் வத்துமா?"

வத்தாது. குறைக்க வேண்டியது உப்பைத்தான். வெயிலில் வேலை செய்யும் நாம் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீரகத்துக்குத்தான் கேடு. வேலை இடத்தில் கழிப்பறை இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் தப்பு. நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் குடிக்க வேண்டும்.

"நாட்டு மருந்து சாப்பிடலாமா?"

அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவரிடம் காட்டிச் சாப்பிடுங்கள். பேர் எழுதாத பொடி, உருண்டை, பஸ்பம் வேண்டாம். பாரம்பரிய மருந்து எடுத்த சிலருக்கும் மேலே சொன்ன அதே வகைச் சிறுநீரக நோய் வந்ததை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2022-ல் எழுதியிருக்கிறார்கள்.

"பரிசோதனைக்குப் போக ஒரு நாள் கூலி போகுமே?"

போகும்தான், மறுக்கவில்லை. ஆனால் டயாலிசிஸ் என்று வந்தால் வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் கூலி போகும். அதுவும் ஆயுள் முழுக்க.

நாம் எடுத்த முடிவு

சகோதரிகளே, மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியபோது வீடு வீடாகப் பிரஷர் பார்க்கப் போனது நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். அதனால் இது நமக்குப் புது வேலை இல்லை. அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சேமிப்பு வாங்கும் முன், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நலம் விசாரிப்போம். வீக்கம் தெரிந்தால் கேலி வேண்டாம், புறணி வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு, "எத்தனை நாளா இருக்கு? நுரை வருதா? என்ன மாத்திரை சாப்பிடுற?" என்று கேளுங்கள். மருத்துவச் செலவுக்கு உள்கடன் எழுதும்போதும் என்ன சிகிச்சை என்று அன்போடு விசாரியுங்கள். தனியாகப் போகப் பயப்படுகிறவரோடு ஒருவர் துணைக்குப் போங்கள்.

அந்த அக்கா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க. தன் கதையைச் சொல்ல அவங்களே அனுமதி கொடுத்தாங்க. இனி எந்தக் குழுவிலும் ஒரு பெண், "என் முகத்தை யாரும் பார்க்கலையே"ன்னு சொல்லக் கூடாது.