மணலில் ஊன்றிய கல்



முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் காவிரி, திருவரங்கத்தைத் தழுவிச் சென்று, கல்லணை அருகே தன் வடகிளையாகிய கொள்ளிடத்தை மீண்டும் நெருங்குகிறது. கொள்ளிடமோ தாழ்ந்த படுகையுடையது. தடுப்பு இல்லையேல் காவிரி நீர் அதனுள் வழிந்து கடலைச் சேரும். தஞ்சை வயல்கள் வறளும்.

கரிகாலன் எழுப்பியதாகப் போற்றப்படும் கல்லணை அதற்குக் கண்ட விடையாகும். ஆழங்காண இயலாத மணலில் அடித்தளம் அமைப்பது எங்ஙனம்? பெருங்கற்களை ஆற்றில் இட்டனர். நீர் அடிமணலை அரிக்க, அவை அமிழ்ந்தன. அவற்றின்மேல் மேலும் கற்களை அடுக்கினர். இனி அமிழாது என்னும் நிலையில் அணை நிமிர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காவிரி மணலால் மேடிட, நீர் கொள்ளிடத்திற்கே மிகுதியாகப் பாய்ந்தது. 1830-களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். மணலில் அடித்தளமிடும் கலையை இம்மண்ணின் பழம்பொறியாளரிடமே கற்றதாக அவர் பின்னாளில் எழுதினார். 1847-இல் தொடங்கிய கோதாவரி அணைக்கும் அப்பாடமே துணைநின்றது.

அம்மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் உடைந்து வீழ்ந்தன. கட்டுதலோடு பொறியியல் முடிவதில்லை. காத்தலும் அதன் கூறே என்பதை ஆறு உணர்த்திற்று.

காட்டனின் பெயரை வரலாறு அறியும். முதற்கல்லை இட்ட கைகளின் பெயரை எவரும் அறியார். அணையைத் தாங்கி நிற்பவையோ கண்ணுக்குப் புலப்படாமல் அமிழ்ந்த கற்களே. சொல்லை அடுக்கும் கவிஞர் கூடிய இவ்வவை, கல்லை அடுக்கிய அப்பெயரிலாரையும் முன்னோராகக் கொள்வது தகும்.