குடலுக்குக் கத்தி

1792-ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி, திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் பம்பாய்ப் படையில் போய்ச் சேர்ந்த அவருக்கு, பின்னர் புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்தவர் ஒருவர் நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு வைத்தார். 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்று அதைப் படத்தோடு போட்டது.

முகத்தில் அவ்வளவு துணிந்த அந்தக் காலத்தில், குடல் என்றால் கை நடுங்கியது. 1776-இல் பிரான்சில் பில்லோர் என்ற வைத்தியர், மலக்குடல் புற்றால் அடைபட்டுக் கிடந்த மது வியாபாரியின் வயிற்றில் துளையிட்டு மலத்துக்கு வழி செய்தார். வழி சரியாகவே வேலை செய்தது. அடைப்பு நீங்கட்டும் என்று அதற்கு முன்பே குடிக்கக் கொடுத்திருந்த பாதரசம்தான் சில வாரங்களில் ஆளை முடித்தது!

இன்று நிலைமை வேறு. குடல் புற்று பெரும்பாலும் பெருங்குடலில்தான் வருகிறது, சிறுகுடலில் அபூர்வம். உள்சுவரில் மருப்போல முளைப்பது புற்றாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் கண்டால், அப்போதே கிள்ளி எடுத்துவிடலாம். நாமோ மலத்தில் ரத்தம் கண்டால், "மூலம்தான், உடம்புச் சூடு" என்று மோரைக் குடித்துவிட்டு ஆறு மாதம் கடத்துகிறோம். மூலமாகவே இருக்கலாம். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

அறுவையில் கட்டியை மட்டும் எடுப்பதில்லை. இருபுறமும் நல்ல குடலில் கொஞ்சம், கூடவே நிணநீர் முடிச்சுகள் குறைந்தது 12 என்று எடுத்துச் சோதிக்கிறார்கள். மறுநாளே நடக்கச் சொல்வார்கள். "காத்து பிரிஞ்சுதா?" என்று டாக்டர் கேட்டால் கூச்சப்படாதீர்கள், குடல் வேலை தொடங்கியதா என்று கேட்கிறார். முதல் வாரம், வெட்டிய குடலை இணைத்து ஒட்டுப்போட்ட இடம் கசியலாம். காய்ச்சல், வயிறு உப்பல் என்றால் உடனே சொல்ல வேண்டும்.

சிலருக்கு மலம் வெளியேற வயிற்றில் வாய் வைத்துப் பை மாட்டுவார்கள். அந்த வாய் உதட்டின் உட்புறம்போலச் சிவந்து ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்தால் போதும். பலருக்குச் சில மாதங்களில் மூடிவிடுவார்கள். ஆசனவாயையே எடுத்தவர்களுக்கு அது நிரந்தரம். குளிக்கலாம், கல்யாண வீட்டுக்குப் போகலாம். ஆறு வாரம் கனமான குடத்தை மட்டும் தூக்க வேண்டாம், குடலிறக்கம் வரலாம்.

ஓராண்டில் மறுபடி கொலோனோஸ்கோபி. நோயாளியின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்பே, எது முந்தியோ அப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். மைசூருவில் கே.ஆர். மருத்துவமனை இருக்கிறது, பெங்களூரில் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.