வாகன நிறுத்துமிடமும் நமது தனியுரிமையும்



"கார் எனக்குச் சொந்தம். அதைத் திறந்து காட்டுமாறு கேட்பதற்கு நிறுவனத்திற்கு என்ன உரிமை?" அமெரிக்காவில் முதன்முதலாக வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பலரும் கேட்கும் வினா இது. நியாயமான வினாதான். ஆனால் அதற்குரிய விடை நாம் எதிர்பார்ப்பது அன்று.

நியாயமற்ற சோதனைகளிலிருந்து மக்களைக் காப்பது 1791ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் நான்காவது திருத்தம். அது கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை மட்டுமே. அரசுப் பணியாளர்களுக்கு அந்தப் பாதுகாப்பு ஓரளவு உண்டு என்று 1987இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தனியார் நிறுவனங்களை அத்திருத்தம் தொடுவதில்லை.

2002 அக்டோபரில் ஒக்லஹோமா மாநிலத்தின் வேலியண்ட் நகரிலுள்ள காகித ஆலையொன்றில் நடந்ததைப் பாருங்கள். போதைப்பொருள் தேடி, தொழிலாளரின் வாகனங்களிடையே மோப்ப நாய்கள் கொண்டுவரப்பட்டன. போதைப்பொருள் அகப்படவில்லை. சில வாகனங்களில் துப்பாக்கிகள் இருந்தன. நிறுத்துமிடத்திலும் ஆயுதம் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. அந்தத் தொழிலாளர்கள் வேலை இழந்தனர். தொடுத்த வழக்கிலும் 2006இல் தோற்றனர். அந்தப் பணிநீக்கத்தின் எதிரொலியாக, பூட்டிய வாகனத்தில் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கலாகாது என்று அம்மாநிலம் 2004இல் சட்டம் இயற்றியது. 2008இல் புளோரிடா மேலும் ஒரு படி சென்று, துப்பாக்கிக்காக வாகனத்தைச் சோதிப்பதையும் நிறுவனங்களுக்குத் தடை செய்தது. ஆயினும் இச்சட்டங்கள் காப்பது துப்பாக்கி உரிமையையே; பொதுவான தனியுரிமையை அல்ல.

அப்படியானால் நமது பாதுகாப்பு எங்கே உள்ளது? பெரும்பாலும், வேலையில் சேரும் நாளில் நாம் வாசிக்காமலே கையெழுத்திடும் பணியாளர் கையேட்டில். "நிறுவன வளாகத்திலுள்ள வாகனங்கள் சோதனைக்கு உட்பட்டவை" என்ற ஒரு வரி அதில் இருந்தால், தனியுரிமையை எதிர்பார்த்தோம் என்று பின்னர் வாதிடுவது கடினம். சோதனைக்கான ஒப்புதலை நாம் நிறுத்துமிடத்தில் அளிப்பதில்லை. முதல் நாளிலேயே அளித்துவிடுகிறோம்.

மறுக்க முடியாதா? முடியும். சாவியைப் பறிக்கவோ, உங்களை வலுவந்தமாக அடைத்து வைக்கவோ நிறுவனத்திற்கு உரிமை இல்லை. ஆனால் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும், மறுத்த காரணத்திற்காகவே வேலையிலிருந்து நீக்க அதனால் இயலும். எச்-1பி விசாவில் உள்ள ஒருவருக்கு அது சம்பளத்தோடு முடியும் இழப்பு அன்று. வேலை போனபின் அவருக்குக் கிடைக்கும் கால அவகாசம் அதிகபட்சம் 60 நாட்கள். குடும்பத்தின் வாழ்வே அந்த நாட்களுக்குள் அடங்கிவிடுகிறது.

ஆகவே நான் வேண்டிக் கேட்டுக்கொள்வது சில காரியங்களே. கையேட்டை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அதன் படியொன்றை வீட்டில் வைத்திருங்கள். நண்பரின் பொதியை உள்ளே என்னவென்று அறியாமல் காரில் ஏற்றாதீர்கள். சோதனை கோரப்பட்டால் காரணத்தை மரியாதையாகக் கேளுங்கள். வாக்குவாதமோ பொய்யோ வேண்டாம். தொழிற்சங்க உறுப்பினராயின், தண்டனைக்கு இட்டுச் செல்லக்கூடிய விசாரணையில் சங்கப் பிரதிநிதி உடனிருக்கக் கோரும் உரிமை 1975ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் உங்களுக்கு உண்டு. காவல்துறை வந்தால் நிலைமை வேறு. அங்கே நான்காவது திருத்தம் உயிர் பெறுகிறது. "சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை" என்று அமைதியாகக் கூறலாம்; ஆனால் உடல்வலுவால் தடுக்காதீர்கள்.

பெற்றோர்களே, பணிவையும் உழைப்பையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். கையெழுத்திடுமுன் வாசிக்கும் வழக்கத்தையும் கற்பிப்போம். உரிமை எங்கே முடிகிறது என்பதை அறிந்தவனே, இருக்கின்ற உரிமையை உறுதியாகப் பற்றிக்கொள்ள முடியும்.