மனநோயாளியின் பதற்றம்

மனநோயாளர் ஒருவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டால், அவர் சோர்ந்து கிடந்திருப்பார், வாழ்வில் நம்பிக்கை இழந்திருப்பார் என்றே நாம் எண்ணுகிறோம். சோர்வுக்கும் அவநம்பிக்கைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு, ஐயமில்லை. ஆயினும் சோர்வுற்றவர்களுள் மிகப் பலர் அந்த முடிவை நாடுவதில்லை. ஆண்டுக்கணக்காகத் துயரத்தைச் சுமந்துகொண்டே நடமாடுகிறவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அங்ஙனம் சுமந்து வந்த ஒருவருக்கு, குறிப்பிட்ட ஒரு வாரத்தில், ஓர் இரவில், 'இனித் தாங்காது' என்ற நிலை எவ்வாறு வந்து சேருகிறது? இக்கேள்விக்கு மருத்துவ ஆராய்ச்சி தரும் விடைகளுள் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். பதற்றம் என்பது அந்த விடை.

கவலை, அச்சம், பதற்றம் என்னும் சொற்களைப் பேச்சில் ஒன்றுக்கு ஒன்று மாற்றி வழங்குகிறோம். மழை பொய்த்தால் உழவருக்குக் கவலை. காலடியில் பாம்பைக் கண்டால் அச்சம். இரண்டுக்கும் வெளியே ஒரு காரணம் உண்டு. காரணம் நீங்கினால் அவையும் நீங்கும். நோயாளியின் பதற்றத்திற்கு அவ்வாறு ஒரு பொருளைச் சுட்ட இயலாது. அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கூடத்திற்கும் வாசலுக்குமாக நடப்பார், கைகளைப் பிசைவார், நெஞ்சு அடைக்கிறது என்பார், ஒரே கேள்வியை நூறு முறை கேட்பார். இரவு முழுவதும் கண் மூடமாட்டார். உடம்புக்குள் தீப்பிடித்தாற்போல் இருக்கிறது என்று சொல்வாரும் உண்டு. தீப்பிடித்த வீட்டிலிருந்து வெளியேற நினைப்பவன் வீட்டை வெறுத்தவன் அல்லன். இத்தகைய நோயாளியும் பெரும்பாலும் சாவை விரும்புவதில்லை; அந்த நிலையிலிருந்து தப்பவே விரும்புகிறார். வேறு வழி அவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

1990-ஆம் ஆண்டில் ஜான் ஃபாசெட் என்னும் அமெரிக்க மனநோய் மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மனச்சோர்வு முதலிய உணர்ச்சி நோய்களுக்கு ஆளான 954 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்துக் கண்ட முடிவுகள் அதில் உள்ளன. காலத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்ததே அதன் சிறப்பு. நம்பிக்கையின்மை, தற்கொலை எண்ணம், முன்னரே ஒருமுறை முயன்றிருத்தல் ஆகியவை ஓராண்டு கழிந்தபின் நேர்ந்த சாவுகளோடு தொடர்புடையனவாய்க் காணப்பட்டன. முதல் ஓராண்டுக்குள் நேர்ந்தவற்றோடு தொடர்பு கொண்டவையோ வேறு: கடுமையான மனப்பதற்றம், திடீரென்று தாக்கும் பேரச்சம், உறக்கமின்மை, மனம் ஒன்றில் நிலைகொள்ளாமை, எதிலும் இன்பம் தோன்றாமை, மதுப்பழக்கம். இவற்றுள் பதற்றமும் பேரச்சமும் உறக்கமின்மையும் சிகிச்சையால் விரைவில் தணியக்கூடியவை. அதனாலேயே இப்பட்டியலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவரே வேறு இருவருடன் சேர்ந்து 2003-இல் மற்றோர் ஆராய்ச்சியை வெளியிட்டார். மருத்துவமனையில் இருக்கும்போதோ, வெளியேறிய சில நாட்களிலோ உயிரை மாய்த்துக்கொண்ட 76 பேரின் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர், கடைசியாகப் பேசியபோது, தமக்கு அத்தகைய எண்ணம் இல்லை என்றே கூறியிருந்தனர். ஏறத்தாழ அதே அளவினரிடம், கடைசி வாரத்தில், கடும் பதற்றம் காணப்பட்டதாகக் குறிக்கப்பட்டிருந்தது. 'இல்லை' என்ற வாய்ச்சொல்லைக் கேட்டு மருத்துவரும் உறவினரும் நிம்மதி அடைந்திருப்பார்கள். பொய் சொல்லவேண்டும் என்று எல்லாரும் மறைத்திருக்க வேண்டுவதில்லை; காலையில் இல்லாத எண்ணம் மாலையில் வரலாம். வாய் மறுத்தாலும் காலும் கையும் கண்ணும் மறுப்பதில்லை.

ஆனால் அளவுக்கு மீறி அச்சமுறுவதும் கூடாது. அந்த இரண்டாவது ஆராய்ச்சியில் உயிரோடு இருந்த நோயாளிகள் ஒப்பிடப்படவில்லை. அது ஒரு குறைதான். ஐம்பது ஆண்டுக்கால ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த ஒரு கட்டுரை, எந்தத் தனி அறிகுறியைக் கொண்டும் இன்னார்க்கு இது நேரும் என்று முன்கூட்டிச் சொல்வது, குருட்டாம்போக்கில் சொல்வதைவிடச் சற்றே மேலானது என்று காட்டியது. பதற்றமுள்ளவர்களுள் மிகப் பெரும்பான்மையோர்க்கு எத்தீங்கும் நேர்வதில்லை. ஆகவே பதற்றத்தைக் கொண்டு சோதிடம் சொல்லவேண்டாம். அதற்கு அன்றே சிகிச்சை தேடவேண்டும். பொய்த்துப்போன எச்சரிக்கையால் நட்டம் ஒன்றுமில்லை; நோயாளி ஓர் இரவு நன்றாக உறங்கியிருப்பார், அவ்வளவே.

பலர் அறியாத ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். 1952-இல் குளோர்ப்ரோமசீன் பயனுக்கு வந்தது முதல் மனநோய்க்கு நல்ல மருந்துகள் கிடைத்து வருகின்றன. அவற்றுள் சில, சிலருக்கு, கால்களை ஓரிடத்தில் வைக்கவொட்டாத ஒரு தவிப்பை உண்டாக்கும். நோய் முற்றிவிட்டது என்று குடும்பத்தார் கருதுவார்கள். நோயாளியோ மருந்தைத் தாமே நிறுத்திவிடுவார். இரண்டும் கேட்டையே விளைக்கும். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைத்தோ, மருந்தை மாற்றியோ, வேறொன்றைச் சேர்த்தோ தவிப்பைத் தணிப்பார். பதற்றம் தணியும் என்று மதுவை நாடுவோரும் உண்டு. அது விடியுமுன் இரட்டிப்பாய்த் திரும்புவதோடு, கையைத் தடுக்கும் அறிவையும் மழுக்கிவிடுகிறது.

வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியது என்ன? 'தைரியமாய் இரு', 'உனக்கு என்ன குறை?' என்னும் சொற்களால் பயன் இல்லை. குறை எதுவென்று தெரிந்திருந்தால் அவர் ஏன் நடந்துகொண்டே இருக்கிறார்? உடன் நடப்பதும், அருகில் அமர்வதும், இரவில் தனியே விடாதிருப்பதும் நலம். மாத்திரைகளும் தீங்கு தரக்கூடிய பிற பொருள்களும் மற்றொருவர் பொறுப்பில் இருக்கட்டும். எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பேருதவியாகும். உயிரை விட்டுவிடும் எண்ணம் வருகிறதா என்று வெளிப்படையாகவே, பரிவோடு கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைப்பதில்லை. கேட்டதனால் பாரம் இறங்கியது என்பவர்களே மிகுதி.

உறவினரின் அண்மைக்கு உள்ள ஆற்றலை நம் நாட்டு மருத்துவர்கள் முன்னரே உணர்ந்திருந்தார்கள். 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் தலைவராய் இருந்த வித்யாசாகர், வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து, நோயாளிகளின் குடும்பத்தாரையும் உடன் தங்கச் செய்தார். மனநோயாளி என்றால் மதிலுக்குள் அடைத்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கமாயிருந்த காலம் அது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களே அபாயம் மிகுந்தவை. உள்ளே காவலும் கவனிப்பும் இருந்தன. வெளியே வேலை, கடன், அக்கம்பக்கத்தார் கேள்விகள். குணமாகிவிட்டார் என்று எல்லாரும் ஓய்ந்திருக்கும் நேரம் அது. இவ்விடத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடந்து 2008-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கருதத்தக்கது. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளில் ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். எல்லாரும் மனநோயாளிகள் அல்லர் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றொரு சாராரிடம் அதனோடு ஒருமுறை விரிவாகப் பேசி, பின்னர் 18 மாதங்களில் சில தடவை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். அக்கால முடிவில் வழக்கமான சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்திருந்தனர். நலம் விசாரிக்கப்பட்டோருள் நூற்றுக்கு 0.2. எவ்வளவு சிறிய செயல், எவ்வளவு பெரிய வேறுபாடு!

சட்டத்தை எண்ணி மறைப்பவர்களுக்காக ஒரு சொல்: 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கொண்டு, அவருக்குச் சிகிச்சை அளிப்பதை அரசின் கடமையாக்கியிருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி-மானஸ் சேவையின் தொலைபேசி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் அதில் பேசலாம். நோயாளி மட்டுமன்றி, நடந்துகொண்டிருப்பவரைப் பார்த்து விழித்திருக்கும் உறவினரும் அழைக்கலாம்.