தொண்டும் தலைமையும்
(மாணவர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



தலைமை என்றவுடன் மேடையும் மாலையுமே நம் கண்முன் வருகின்றன. நம் முன்னோரோ தாம் போற்றிய பெருமக்களுக்குத் தொண்டர் என்றே பெயரிட்டனர். நாவுக்கரசர் கையில் விளங்கியது கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் உழவாரம். ஆதலின் 1970ஆம் ஆண்டில் றொபேட் கிறீன்லீவ் என்னும் அமெரிக்கர், தொண்டு செய்ய விழைபவனே தலைவனாகத் தக்கவன் என்று எழுதியபோது, அது நமக்கு முற்றிலும் புதுமையான கருத்தன்று.

அவர் பெரிய தொலைபேசிக் கம்பனியொன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஹெர்மன் ஹெஸ்ஸே என்னும் எழுத்தாளரின் கதையொன்று அவரைச் சிந்திக்க வைத்தது. யாத்திரைக் கூட்டமொன்றுக்கு மூட்டை சுமந்து, பாட்டுப் பாடி, பணிவிடை செய்யும் வேலையாள் லியோ. அவன் காணாமற் போகவே கூட்டம் சிதறுகின்றது. யாத்திரையை நடத்திய சங்கத்தின் தலைவன் அவனே என்பது பின்னர் வெளிப்படுகின்றது. உண்மைத் தொண்டை அறியக் கிறீன்லீவ் ஓர் உரைகல்லும் தந்தார்: தொண்டு பெற்றவர் அதனால் வளர்ந்தனரா? தம் காலில் நிற்கும் ஆற்றல் பெற்றனரா?

இதனை மாணவர்க்குக் கற்பிப்பது எங்ஙனம்? சொற்பொழிவினால் இயலாது. (இதுவும் சொற்பொழிவுதான், பொறுத்தருள்க.) வழிகாட்டிய ஆசிரியர் ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரீ. ஆரியரத்ன, 1958 டிசம்பரில் தம் மாணவரைக் கனத்தொலுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சாதியின் பெயரால் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்கள் வாழ்ந்த ஊர் அது. நகரத்துப் பிள்ளைகள் அங்கே தங்கி, அவர்களோடு உழைத்தனர். அம்முகாமே சர்வோதய சிரமதான இயக்கமாக வளர்ந்தது. 1969இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. 2024இல் அவர் மறையுமுன் இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமங்களை எட்டியிருந்தது.

சிரமதானத்தில் ஊரவரும் கூடவே உழைப்பர். ஆதலின் கொடுப்பவன், வாங்குபவன் என்னும் மேடுபள்ளம் குறைகின்றது. அடுத்து எவ்வேலை என்பதை ஊரவரே தீர்மானிக்கப் பழகுகின்றனர். ஒருநாட் காலையில் வேலியோரக் குப்பையைப் பொறுக்கி, படம் பிடித்து, மதியம் கலைந்து செல்வதையும் இக்காலத்திற் சிரமதானம் என்கின்றோம். அதில் மாணவன் கற்பது படத்துக்கு நிற்கும் கலை ஒன்றையே.

மாணவ முதல்வரைத் தெரிவு செய்யும்போது புள்ளிகளையும் பேச்சுத் திறனையும் பார்க்கின்றோம். சின்னம் சூட்டுமுன் ஒரு தவணைக்கு, கணிதத்திற் பின்தங்கிய கீழ்வகுப்புப் பிள்ளை ஒன்றை அம்மாணவனிடம் ஒப்படைத்துப் பார்க்கலாம். அப்பிள்ளை இப்போது தானாகவே கணக்குச் செய்கின்றதா, தன் பக்கத்திலிருக்கும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கின்றதா என்று தவணை முடிவில் அதிபர் விசாரிக்கட்டும். அவர் வினவவேண்டியது மாணவ முதல்வரை அன்று. அந்தச் சிறு பிள்ளையை.