குற்றால நீர் கடலில் வீணாகிறதா?

(தென்காசியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். "மழைநீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்று நம் மாணவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். நாமும் அதைச் சரி என்று குறியிட்டு மதிப்பெண் போடுகிறோம். அந்த வாக்கியம் சரிதானா?

சாரல் காலத்தில் பேரருவியில் விழும் நீர் சிற்றாறாகித் தென்காசி வழியே கிழக்கே ஓடுகிறது. கங்கைகொண்டானைக் கடந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு சேர்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டியதும் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. வழியில் குளங்களை நிரப்புகிறது, வயல்களை விளைவிக்கிறது. எஞ்சிய நீர் கடலைத் தொடும் இடத்துக்குக் கழிமுகம் என்று பெயர்.

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கழிமுகத்தில் உப்பு வேளைக்கு வேளை மாறும். ஆறு கொண்டுவரும் வண்டலும் சத்துகளும் அங்கே படிகின்றன. பல இறால் வகைகள் கடலில் முட்டையிடுகின்றன. அவற்றின் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்புகின்றன. நன்னீர் வரத்து அடியோடு நின்றால் இந்தத் தொட்டில் கெட்டுவிடும். உழவருக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கடலுக்குப் போகும் பங்குக்கும் வேலை இருக்கிறது என்கிறேன், அவ்வளவுதான்.

கெட்டுப்போன கழிமுகத்தைச் சீராக்க முடியுமா? முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடுதான் அது. நம் குற்றாலத்தில் சித்திர சபை, சிதம்பரத்தில் பொற்சபை. இங்கே தல மரம் குறும்பலா, அங்கே தில்லை. அந்தத் தில்லை, அலையாத்திக் காட்டு மரங்களுள் ஒன்று. தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய பாடம் இது.

பிச்சாவரத்தில் காட்டின் பெரும்பகுதி பட்டுப்போய் வெறும் திடலாகக் கிடந்தது. ஆடு மாடு மேய்க்கும், விறகு வெட்டும் ஊர்க்காரர்கள்தான் காரணம் என்று பலரும் நம்பினர். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் அங்கே ஆய்வு செய்தார்கள். மண்ணின் மேடுபள்ளத்தையும் உப்பின் அளவையும் பார்த்தபோது வேறு உண்மை வெளிப்பட்டது.

ஆங்கிலேயர் காலம் தொட்டு, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொட்டையடிக்கும் முறை நடைமுறையில் இருந்தது. நிழல் போனதும் வெயிலில் சேற்று மண் காய்ந்து சுருங்கியது. தரை தாழ்ந்து தட்டுப்போல் குழிந்தது. ஓதத்தில் உள்ளே வந்த கடல் நீர் வடிய வழியின்றித் தேங்கி ஆவியானது, உப்பு மட்டும் தங்கியது. ஆண்டுக்கு ஆண்டு உப்பு ஏறியதால், அங்கே விழுந்த விதை எதுவும் பிழைக்கவில்லை. உப்பைத் தாங்கும் மரத்துக்கும் ஓர் எல்லை உண்டல்லவா?

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வந்தது, இறங்கும்போது உப்பையும் கொண்டு வெளியேறியது. வாய்க்கால் சரிவில் வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். வாய்க்காலில் வண்டல் படியும், அதைத் தூர்வார வேண்டும். ஆகவே ஊர்க்காரர் கைகொடுக்காமல் இந்தக் காடு நிலைத்திருக்காது. குற்றம் சாட்டப்பட்டவர்களே காவலர்களானார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, அடர்ந்த அலையாத்திக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. கடலூர் மாவட்டத்தில் செய்த இதுபற்றிய ஆய்வு 2005இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. 2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இதில் அறிவியலாளரின் பணி என்ன? மண்ணைப் பார்த்துக் காரணத்தைச் சரியாகச் சொன்னார்கள், அதுவே முதல் ஆலோசனை. காரணத்தைத் தவறாகக் கண்டிருந்தால் வேலி போட்டு ஊர்க்காரரை விரட்டியிருப்பார்கள். காடும் முளைத்திருக்காது. வகுப்பிலும் அப்படித்தான். எழுத்து தெரியாமல் பின்தங்கும் பிள்ளைக்குக் கண்ணில் குறையா, பசியா என்று பார்க்காமலே சோம்பேறி என்று சொல்லிவிடுகிறோம்.

வகுப்பில் செய்ய எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். அடியில் துளையிட்ட குவளை ஒன்று, துளையில்லாத குவளை ஒன்று. இரண்டிலும் மண் நிரப்பிப் பாசிப்பயறு விதையுங்கள். முளைத்ததும் இரண்டுக்கும் ஒரே அளவு இலேசான உப்பு நீரும், மறுநாள் நல்ல நீரும் மாறிமாறி ஊற்றச் சொல்லுங்கள். துளையுள்ளதில் உப்பு வடியும், மற்றதில் தங்கும். எந்தப் பயிர் முதலில் வாடுகிறது என்று மாணவர்களே நாள்தோறும் பதிவு செய்யட்டும். பிச்சாவரத்தின் கதை அவர்கள் மேசைமேல் நடக்கும்.

தொடக்க வகுப்புகளுக்கு ஒரு படம் போதும். தரையில் சிற்றாற்றை வரைந்து, அருவியிலிருந்து புன்னைக்காயல் வரை பிள்ளைகளை நடக்கவிடுங்கள். அருவியில் யாரோ எறிந்த சோப்பு உறை ஒன்றைக் கையில் கொடுத்து, "இது எங்கே போய்ச் சேரும்?" என்று கேளுங்கள். விடையை அவர்களே நடந்து கண்டுபிடிப்பார்கள்.

அடுத்த முறை "வீணாகக் கடலில் கலக்கிறது" என்று ஒரு மாணவர் எழுதினால் சிவப்பு மையால் அடிக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போடுங்கள். அங்கிருந்து பாடம் தொடங்கட்டும்.